எச்சூக்காவில் அப்பாவோடு நான்கு நாள்

26 செப்டம்பர் 2025, வெள்ளி

அப்பா மெல்பர்ன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. கடற்கரை, கோயில், கடைவீதி, பூங்கா என்று எல்லாம் காட்டியாயிற்று. எதையும் வேண்டாமென்று சொல்கிற மனுஷர் இல்லை. கூப்பிட்ட இடத்துக்கு வருவார், பார்ப்பார், "நல்லா வச்சிருக்கான்" என்பார், அதோடு சரி. போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது திடீரென்று கேட்டார். "ஏம்மா, இந்த ஊர்ல ஆறே கிடையாதா?"

யர்ரா ஆற்றை இரண்டு தடவை காட்டியிருந்தேன். அதைச் சொன்னேன்.

"அது இல்லம்மா. பாசனத்துக்குப் போற ஆறு."

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். கல்லணைக் கால்வாயில் ஷட்டர் ஏற்றி இறக்கிய கை. காலையும் மாலையும் அளவுப் பலகையைப் பார்த்து நோட்டில் குறிப்பது அவர் வேலை. நான் சிறுமியாக இருந்தபோது தீபாவளி அன்றும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் குறித்துவிட்டு வந்துதான் எண்ணெய் தேய்த்துக்கொள்வார். அவரிடம் யர்ராவைக் காட்டி ஆறு என்று சொல்லியிருக்கிறேன்!

எனவே எச்சூக்கா. மெல்பர்னுக்கு வடக்கே 220 கிலோமீட்டர், மர்ரே ஆற்றின் கரையில். ஃபுட்பால் இறுதிப் போட்டிக்காக இங்கே விக்டோரியாவில் இன்று பொது விடுமுறை. திங்களுக்கும் சேர்த்து லீவு சொல்லிவிட்டு, ரைஸ் குக்கர், புளி, மிளகாய்த்தூள், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

ஹீத்கோட் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிட்டது. அப்புறம் ஒரே மஞ்சள். சாலைக்கு இரண்டு பக்கமும் கனோலா பூத்துக் கிடக்கிறது. கடுகு இனத்துப் பயிர்தான். அப்பா கண்ணாடியை இறக்கி, குளிர்காற்று முகத்தில் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டே வந்தார். "வரப்பே இல்லையே, எப்படித் தண்ணி பாய்ச்சுவான்?" என்று கேட்டார். இந்தப் பயிருக்குப் பெரும்பாலும் மழைதான் என்றேன். அவருக்கு அது ஒப்பவில்லை.

வழியில் ஒரு பண்ணை வாசலில் தகரக் கூரை போட்ட சின்ன மரத்தட்டு. வலைப்பையில் ஆரஞ்சு, பை 5 டாலர். ஆளில்லை. மூடியில் துளை போட்ட ஒரு டப்பா மட்டும் கம்பியால் கட்டியிருந்தது. நான் காசைப் போட்டுப் பையை எடுத்ததும் அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். யாராவது வருவார்கள் என்று இரண்டு நிமிஷம் நிற்கச் சொன்னார். யாரும் வரவில்லை. காரில் ஏறிய பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பழம் தேனாக இருந்தது.

ரோச்செஸ்டரில் காபிக்கு நிறுத்தினோம். 2022 அக்டோபர் வெள்ளத்தில் காம்பாஸ்பி ஆறு ஏறி இந்த ஊரின் பெரும்பாலான வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. மூன்று வருஷம் ஆகியும் காலியாகக் கிடக்கும் ஒரு வீட்டைப் பார்த்தோம். செங்கல் சுவரில் ஜன்னலுக்குக் கீழே நேர்கோடாக ஒரு பழுப்புக் கறை. அப்பா போய்க் கையால் அளந்து பார்த்தார். தரையிலிருந்து அவர் இடுப்புக்கு மேலே. ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்தார்.

கேபினில் சாமான்களை இறக்கி, குளித்து, வெளியே சாப்பிடப் போகும்போது மணி எட்டேகால். முதல் ஓட்டலில் சமையலறை எட்டு மணிக்கே மூடிவிட்டார்கள். இரண்டாவது இடத்திலும் அதே பதில். பரிமாறும் பெண் உண்மையிலேயே வருந்தி, வேண்டுமானால் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட் இருக்கிறது என்றாள். நாட்டுப்புறத்து ஊருக்கு வருகிறவர்கள் ஏழு மணிக்கே சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். திரும்பி வந்து சோறு வடித்துத் தயிரும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டோம். வெளியே 5 டிகிரி. ஹீட்டர் சத்தத்தில் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கும்தான்.

27 செப்டம்பர், சனி

விடிவதற்கு முன்னாலேயே அப்பா குல்லா, மஃப்ளர், என் கணவருடைய பழைய ஜாக்கெட் எல்லாம் மாட்டிக்கொண்டு தயார். ஆற்றங்கரைக்கு நடந்தோம். மூடுபனி தண்ணீர் மேல் புகைபோல நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் நம் ஊர்ப் புதுவெள்ள நிறம், டிகாஷன் குறைந்த காபி போல. ஓட்டம் இருப்பதே தெரியவில்லை. மிதந்து போகும் ஒரு யூக்கலிப்டஸ் இலையை வைத்துத்தான் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடித்தோம்.

எச்சூக்கா என்பது இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்களின் சொல். தண்ணீர்கள் சந்திக்கும் இடம் என்று பொருள். மர்ரேயோடு காம்பாஸ்பியும் கோல்பர்னும் இந்தப் பகுதியில்தான் கலக்கின்றன. மர்ரேவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் துங்காலா. 2022-இல் திறந்த புதுப் பாலத்துக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

எங்களை அசத்தியது படகுத்துறை. படத்தில் பார்த்தபோது ஏதோ மரப்பாலம் என்று நினைத்தேன். அடியில் போய் நின்றால்தான் தெரிகிறது, அது ஒரு காடு. ரெட் கம் என்னும் தைல மரத்தின் பெரிய பெரிய தூண்கள், குறுக்கே உத்தரங்கள், அதற்கு மேல் ஒரு தளம், அதற்கும் மேல் இன்னொன்று. 1864-இல் மெல்பர்னிலிருந்து ரயில் இங்கே வந்து சேர்ந்தது. அடுத்த வருஷமே துறையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். டார்லிங் ஆற்றிலிருந்தும் மர்ரம்பிட்ஜியிலிருந்தும் கம்பளிப் பொதிகள் நீராவிப் படகில் வரும். இங்கே கிரேனில் தூக்கி நேரே ரயில் பெட்டியில் இறக்குவார்கள். 1870-களில் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் துறைமுகங்களில் இதுவே பெரியது. உச்சத்தில் 332 மீட்டர் நீளம். இன்று நிற்பது ஏறக்குறைய 75 மீட்டர்தான். ரயில் பாதைகள் ஒவ்வொரு ஊராகப் போய்ச் சேரச் சேரப் படகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துறையின் பெரும்பகுதியைப் பிரித்து மெல்பர்னுக்கு விறகாக அனுப்பிவிட்டார்கள்.

"இந்த மரத்தையா?" என்று அப்பா தூணைத் தட்டினார். இரும்பைத் தட்டுகிற சத்தம்.

எதற்கு இத்தனை அடுக்கு என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறேன் என்று உறைத்தது. அப்பா தூணில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஓர் உயரம் வரைக்கும் மரம் வெளுத்து, பிளந்து, மண் ஏறி இருக்கிறது. மேலே போகப் போகக் கறுப்பு. "தண்ணி எறங்குறப்ப கீழ் தட்டுல சரக்கு ஏத்தணும். ஏறுறப்ப மேல் தட்டு. ஆறு எங்க நிக்குதோ அங்க படகு நிக்கும், மனுசன் அதுக்குத் தக்கன ஏறி எறங்கிக்கணும். கட்டுனவன் ஆத்தைப் பாத்துட்டுக் கட்டியிருக்கான்."

ஐந்து வாரத்தில் அவர் ஒரே மூச்சில் பேசியது இவ்வளவுதான் இருக்கும்.

கரையில் அளவுப் பலகை இருந்தது. அதற்குள் சட்டைப் பையிலிருந்து சின்ன டயரியும் பேனாவும் வந்துவிட்டன. ஒரு சந்தேகம் அவருக்கு. எண் எண்பதுக்கு மேல் இருக்கிறது, ஆற்றில் அவ்வளவு ஆழம் எப்படி? அது ஆழமில்லை, கடல் மட்டத்திலிருந்து மீட்டர் கணக்கு என்று விளக்கினேன். 2022 வெள்ளம் ஏறத்தாழ 95 மீட்டர் வரை வந்தது. 1993 வெள்ளத்தையும் தாண்டிவிட்டது. அதற்கும் மேலே 1870 வெள்ளம், இந்த ஊரின் பதிவிலேயே பெரியது அதுதான். இங்கிருந்து கழிமுகம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஆற்று வழியே 1,700 கிலோமீட்டர் சொச்சம். அப்பா அப்படியே நின்றுவிட்டார். "ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு நூறு மீட்டர் கூட வாட்டம் இல்லையா? அப்பறம் எப்படிம்மா தண்ணி போகும்?" அதனால்தான் அந்த இலை அப்படி நகர்ந்திருக்கிறது.

பத்து மணிக்கு பெவன்சி என்னும் துடுப்புச் சக்கரப் படகில் ஒரு மணி நேரப் பயணம். ஆளுக்கு முப்பது டாலருக்குக் கொஞ்சம் மேலே. 1911-இல் எதிர்க்கரை மோவாமாவில் கட்டிய படகு, இன்னும் நீராவியில்தான் ஓடுகிறது. எல்லோரும் மேல்தளத்தில் போய்ப் படம் எடுத்தார்கள். அப்பா எஞ்சின் அருகிலேயே நின்றுவிட்டார். நடுத்தளத்தில் திறந்தவெளியில் எஞ்சின், ஒரு கம்பித் தடுப்பு மட்டும். அடுப்பில் ரெட் கம் கட்டைகளை எறிந்துகொண்டே இருக்கிறார்கள். எஞ்சின் பார்ப்பவர் எழுபது வயதைத் தாண்டியவர். கையில் நீள மூக்கு எண்ணெய்க் குப்பி. தண்டு சுற்றி மேலே வரும் ஒவ்வொரு முறையும் புறங்கையால் பேரிங்கை லேசாகத் தொட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். சூடு பார்க்கிறார். அப்பாவும் ஷட்டர் பல்சக்கரத்தை அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார், உள்ளங்கையால் இல்லை, புறங்கையால்.

அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் துறைச் சொற்கள் அத்தனையும் தெரியும். "கேஜ்?" என்று ஒரு மீட்டரைக் காட்டினார். பிரஷர் என்று பதில் வந்தது. "ரிவர் டிஸ்சார்ஜ்? கியூசெக்?" அந்தப் பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கியூசெக் என்ற சொல்லை எத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன், இப்போது எல்லோரும் மெகாலிட்டர்தான் என்று சொல்லிக் கைகுலுக்கினார். குலுக்கிய கையில் எண்ணெய். அப்பா அதைத் துடைக்கவே இல்லை.

பழைய நாளில் இந்த ஆறு குளிர்காலமும் வசந்தமும் நிறைந்து, கோடையில் வற்றும். வற்றினால் டார்லிங்கில் போன படகு மாதக்கணக்கில் சேற்றில் உட்கார்ந்துவிடுமாம். 1936-இல் ஹியூம் அணை முடிந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. குளிர்காலத் தண்ணீரை மேலே தேக்கி வைத்துக் கோடையில் பாசனத்துக்கு விடுகிறார்கள். ஜனவரி வெயிலில் ஆறு நிறைந்து போகும். "நம்ம மேட்டூர் மாதிரி" என்றார் அப்பா.

இந்த ஊரை உண்டாக்கியவர் ஹென்றி ஹாப்வுட். திருட்டுப் பட்டுத்துணி வாங்கியதற்காக 1834-இல் இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதி. தண்டனை முடிந்து 1850-களில் இங்கே வந்து ஆற்றைக் கடக்கப் பரிசல் போலத் தட்டைப் படகு விட்டார், பிறகு ஓட்டல் கட்டினார். ஓட்டலில் அறை காலியாக இருந்தால் அன்றைக்குப் படகு ஓடாது என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். 1859-இல் அவர் கட்டிய பிரிட்ஜ் ஹோட்டல் இன்னமும் நிற்கிறது. அவரைப் பற்றிப் படித்ததெல்லாம் சொன்னேன். அப்பாவுக்கு மனிதர்களை விட ஆறுதான் முக்கியம், பாதியில் கவனம் போய்விட்டது.

மதியம் மீன்கடை. பலகையில் ஃபிளேக் என்று போட்டிருந்தது. விக்டோரியாவில் அது சுறா. சொன்னதும் அப்பா நம்பவில்லை. பொரித்த மாவை உடைத்து, வெள்ளை வெளேரென்று முள்ளில்லாத சதையைப் பார்த்து, ஒரு வாய் போட்டுக்கொண்டு, "புட்டு பண்ண வேண்டியதை இப்படிப் பொரிச்சு வச்சிருக்கான்" என்றார். ஆனால் முழுவதும் சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் சிப்ஸோடு 34 டாலர். பக்கத்து பேக்கரியில் வெனிலா ஸ்லைஸ் 7 டாலர், மேலே பாஷன் ஃப்ரூட் ஐசிங். இனிப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டே அதையும் முடித்தார்.

இரண்டரைக்கு மேல் தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் டிவி முன்னால். ஜீலாங்கின் நீல வெள்ளை மஃப்ளர்கள் ஓட்டல் வாசலில் நிறைந்திருந்தன, ஆனால் ஜெயித்தது பிரிஸ்பேன். அந்த நேரத்தில் ஆற்றங்கரையில் ஒரே ஒரு ஆள் மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். மேட்ச் பார்க்கவில்லையா என்று கேட்டேன். மீன் பிடிக்க இதைவிட அமைதியான நாள் வருஷத்தில் கிடையாது என்றார். அவர் ஒரு விஷயம் சொன்னார். நாங்கள் நிற்கும் கரை விக்டோரியா, ஆனால் ஆறு முழுக்க நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். எல்லை இந்தத் தெற்குக் கரையின் விளிம்பில் ஓடுகிறது. அதனால் விக்டோரியா மண்ணில் உட்கார்ந்து தூண்டில் போட்டாலும் அடுத்த மாநிலத்து லைசென்ஸ் வேண்டும். போனில் தன் லைசென்ஸைக் காட்டினார்.

பக்கத்தில் புல் மேல் மூன்று கெண்டை கிடந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ தேறும். ஐரோப்பாவிலிருந்து வந்த கெண்டை இந்த ஆற்றுக்குப் பெரிய சாபம், அடி மண்ணைக் கிளறிக் கிளறித் தண்ணீரையே கலக்கிவிட்டது, பிடித்தால் திரும்ப ஆற்றில் விடக் கூடாது, குப்பையில்தான் போடுவேன் என்றார். நான் மொழிபெயர்த்ததும் அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "கேளும்மா. குடுப்பாரான்னு கேளு."

கொடுத்தார். வேண்டுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டுப் பெரியதைக் கொடுத்தார்.

கேபின் வாசல் புல்தரையில் செய்தித்தாள் விரித்து அப்பாவே செதில் எடுத்து, வயிறு கழுவி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, மோரில் அரை மணி ஊறவைத்தார். சேற்று வாடைக்கு அதுதான் மருந்து. வெங்காயம், தக்காளி, புளி. கறிவேப்பிலை மட்டும் இல்லை. கொதி வந்ததும் பக்கத்துக் கேபின் குழந்தைகள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பாதிக் குழம்பை நாளைக்கென்று எடுத்து வைத்தோம்.

28 செப்டம்பர், ஞாயிறு

பார்மா காடு. எச்சூக்காவிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். எதிர்க்கரை மில்லவா காட்டோடு சேர்த்தால் உலகிலேயே பெரிய ரெட் கம் காடு இதுதான். அப்பாவுக்குத் தைல மரம் என்றாலே ஆகாது. நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பார். நம் ஊர் வனத் தோட்டங்களில் தைல மரம் என்று நட்டிருப்பவற்றில் இந்த இனமும் ஒன்று. அங்கே ஆறேழு வருஷத்தில் கம்பு கம்பாக வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுகிறோம். இங்கே நானூறு, ஐந்நூறு வயது மரங்கள் நிற்கின்றன. நாங்கள் இரண்டு பேரும் கை கோத்தும் பாதி மரத்தைக்கூடச் சுற்ற முடியவில்லை.

ஒரு மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நீள்வட்டமாகப் பட்டை உரிந்த தழும்பு. யோர்ட்டா யோர்ட்டா மக்கள் பட்டையை ஒரே துண்டாக எடுத்துப் படகு செய்த இடம். மரம் சாகவில்லை. தழும்பின் விளிம்பில் புதுப்பட்டை உதடு போலத் தடித்து உள்நோக்கி வளர்ந்திருக்கிறது. அப்பா அந்த விளிம்பை விரலால் தடவினார். தேவையானதை மட்டும் எடுத்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு தழும்பிலேயே தெரிகிறது.

மரங்களின் அடியில் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாக மண்கோடு. இந்தக் காடு வெள்ளம் வந்தால்தான் பிழைக்கும். சில வருஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் ஏறி நின்று இறங்க வேண்டும், அப்போதுதான் விதை முளைக்கும், பறவைகள் வந்து கூடு கட்டும். அணைகள் வந்த பிறகு அது குறைந்து மரங்கள் காய ஆரம்பித்தன. ரோச்செஸ்டரில் சுவர்க் கறையை அளந்த அதே கையை அப்பா இந்தக் கோட்டின் மேலும் வைத்துப் பார்த்தார்.

இதன் பிறகுதான் வண்டி மாட்டிக்கொண்டது. பாதை காய்ந்து தெரிந்தது, ஆனால் மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருந்தது. அடியில் சாம்பல் நிறக் களிமண். முன் சக்கரம் இரண்டும் சுற்றச் சுற்றப் புதைந்தது. போனில் சிக்னல் இல்லை. சுள்ளி போட்டோம், கால்மிதியைப் போட்டோம், அப்பாவின் செருப்பு ஒன்று சேற்றுக்குள் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம். எனக்கு அழுகை வராத குறை. அப்பா நிதானமாக, "பசி நேரம் ஆச்சு, சாப்பிடுவோம்" என்றார். விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து நேற்றைய மீன் குழம்பைப் பிசைந்தோம். மீன் குழம்பு மறுநாள்தான் குழம்பு.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பழைய பிக்கப் வண்டி வந்தது. பின்னால் இரண்டு நாய். இறங்கிய அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். எங்கள் வண்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் குனிந்து நான்கு டயரிலும் காற்றை இறக்க ஆரம்பித்தார். ஒரு சின்னக் கேஜை வைத்துப் பார்த்துப் பார்த்து 18 வரைக்கும் இறக்கினார். "இப்போது ரிவர்ஸ், மெதுவாக, ஸ்டியரிங்கைத் திருப்பாதே" என்றார். கயிறும் இல்லை, தள்ளலும் இல்லை. வண்டி வெண்ணெயில் கத்தி போலப் பின்னால் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கார் ஓட்டுகிறேன், இது எனக்குத் தெரியாது. கடைத்தெரு பெட்ரோல் பங்க் வரைக்கும் நாற்பதுக்கு மேல் போகாதே, போனதும் காற்று நிரப்பிக்கொள் என்று இரண்டு முறை சொன்னார்.

அப்பா ஒரு கிண்ணத்தில் சோறும் குழம்பும் வைத்து நீட்டினார். வாங்கி, அப்படியே நின்றுகொண்டு ஸ்பூனால் சாப்பிட்டார். காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர், ஆனாலும் வைக்கவில்லை. என்ன மீன் என்றார். கெண்டை என்றேன். ஸ்பூன் நின்றது. "என் அப்பா இதைத் தக்காளிச் செடிக்கு அடியில்தான் புதைப்பார்" என்று சொல்லி, கிண்ணத்தை ஒரு தடவை பார்த்து, மிச்சத்தையும் சாப்பிட்டார். புளி என்றால் என்ன, எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் போனில் எழுதிக்கொண்டார்.

மாலையில் பார்மா ஊர்ப் பாலத்தருகே நின்றோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்மராகுஞ்சா. எனக்கு இந்தப் பயணத்தில் பார்த்தே தீர வேண்டிய இடம் அது. அங்கே மக்கள் வாழ்கிறார்கள், வேடிக்கை பார்க்கப் போகும் இடமில்லை என்பதால் இக்கரையோடு நின்றுகொண்டோம். யோர்ட்டா யோர்ட்டா மக்களைக் குடியமர்த்திய மிஷன் நிலம். அங்கே பள்ளி நடத்தியவர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரிஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். 1881-இல் பக்கத்து மலோகா மிஷனில் ஆசிரியராகச் சேர்ந்து, பிறகு இங்கே 1922 வரை பாடம் சொன்னார். யோர்ட்டா யோர்ட்டா பெண்ணை மணந்து இந்த மக்களில் ஒருவராகவே வாழ்ந்தார். அவரிடம் படித்தவர்கள்தான் பின்னாளில் தம் மக்களின் உரிமைக்காக மனு எழுதினார்கள், மேடை ஏறினார்கள். வில்லியம் கூப்பர் அவர் மாணவர். ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து 1938 டிசம்பரில் மெல்பர்னில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு நடந்து போனாரே, அவர்தான். அன்றைக்கு அவருக்குச் சொந்த நாட்டிலேயே முழு உரிமை கிடையாது.

1939 பிப்ரவரி 4 அன்று இந்த மிஷன் நிர்வாகத்தின் கொடுமை தாங்காமல் இருநூறு பேர் வரை மூட்டை முடிச்சோடு கிளம்பி இந்த ஆற்றைத் தாண்டி இக்கரைக்கு வந்துவிட்டார்கள். நேற்றுத் தூண்டில்காரர் சொன்ன எல்லை ஞாபகம் வந்தது. இந்தக் கரையில் கால் வைத்தால் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கத்தின் கை இங்கே நீளாது. லைசென்ஸ் கணக்காக எனக்குத் தெரிந்த கோடு அவர்களுக்கு அப்படி இருந்திருக்கிறது. அப்பாவிடம் முழுவதும் சொன்னேன். இந்த முறை கவனம் போகவில்லை. "பிள்ளைங்களையும் தூக்கிட்டா வந்தாங்க? தண்ணி எவ்வளவு இருந்துச்சாம் அன்னைக்கு?" என்று கேட்டார்.

29 செப்டம்பர், திங்கள்

காலையில் மழை. கேபின் அலுவலகத்தில் சாவி கொடுக்கப் போனபோது அங்கிருந்த பெண் 2022 பற்றிச் சொன்னார். ஊருக்குக் குறுக்கே அவசர அவசரமாக மண்ணணை எழுப்பினார்கள். ஊரின் பெரும்பகுதி தப்பியது. ஆனால் சில வீடுகள் அணைக்கு அந்தப் பக்கம், ஆற்றின் பக்கம் மாட்டிக்கொண்டன. அவர் தங்கை வீடு அந்தப் பக்கம். "நானே மணல் மூட்டை கட்டினேன், அவள் வீட்டுக்கு எதிராக" என்றார். கணக்கை முடித்து ரசீதைக் கொடுக்கும் வரைக்கும் வேறு எதுவும் பேசவில்லை.

நேரே மெல்பர்ன் போவதாகத்தான் திட்டம். அப்பாவுக்காக மேற்கே அரை மணி நேரம் சுற்றிப் போய் டோரம்பரி தடுப்பணைக்கு வந்தோம். எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னார்கள். மூன்றாவது வண்டியிலிருந்து அப்பாவும் பதிலுக்கு விரல் தூக்க ஆரம்பித்தார்.

1920-களில் கட்டிய பழைய அணையில் வெள்ளம் வந்தால் இரும்புச் சட்டங்களைத் தண்டவாளத்தில் இழுத்துக் கரையேற்றிவிடுவார்களாம். ஆற்றுக்கு வழி விட்டு ஒதுங்கிக்கொள்ளும் அணை. அடியில் பழுது கண்டு 1990-களில் இப்போதுள்ளதைக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் படகு ஏறி இறங்க ஒரு பூட்டுக்கால்வாய், மீன் ஏறிப் போகத் தனியாகப் படிக்கட்டு. இங்கே தேக்கும் தண்ணீர்தான் எச்சூக்கா வரைக்கும் பின்னால் போய் நிற்கிறது. பெவன்சி வருஷம் முழுக்க மிதப்பது இதனால்தான். அணைக்கு மேலே தென்கரையில் நேஷனல் சேனல் பிரிகிறது. தலைமதகு. அங்கிருந்து கொஹூனா, கெராங் பக்கத்துப் பசும்புல் நிலங்களுக்குத் தண்ணீர்.

அப்பா வாய்க்கால் ஓரமாகவே நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது, குடையை வாங்க மறுத்துவிட்டார். காலில் நேற்று இரவு பதினைந்து டாலருக்கு வாங்கிய ரப்பர் செருப்பு. மதகின் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் உள்ளே திரும்பும் இடத்தைப் பார்த்தபடி நின்றார். நான் காரில் போய் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டு முடித்தேன், அவர் வரவில்லை. திரும்பிப் போனால் டயரியைத் திறந்து ஜாக்கெட்டுக்குள் மறைத்துப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார். மேல்மட்டம், கீழ்மட்டம் இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில். தேதி, நேரம் 11.40, வானிலை: தூறல். கடைசிக் கட்டத்தில், பழைய நோட்டில் போடுவது போலவே, தன் சுருக்கக் கையெழுத்து.